பூச்சியின் மேல் போட்ட பழி

குழந்தையின் பல் சொத்தையானால் "பூச்சி விழுந்துவிட்டது" என்கிறோம். கண்டங்கத்திரி விதையைச் சுட்டு, அந்தப் புகையை வாயில் பிடித்தால் பூச்சி வெளியே விழும் என்று நம்புகிறவர்கள் இன்றும் உண்டு. புதுச்சேரியின் கதிர்காமத்தில் 2010 முதல் அரசு மருத்துவக் கல்லூரி நடக்கிறது. பக்கத்தில் கோரிமேட்டில் இருக்கும் அரசுப் பல் மருத்துவக் கல்லூரி அதைவிட மூத்தது. இரண்டும் இருந்தும் பூச்சி சாகவில்லை.

புதுச்சேரி பிரெஞ்சுக் கம்பெனியின் ஆட்சியில் இருந்த 1728ஆம் ஆண்டிலேயே பாரிசில் பியேர் ஃபொஷார் என்ற பல் மருத்துவர் இந்தப் பூச்சியைப் பற்றி எழுதிவிட்டார். சொத்தைப் பல்லை நுண்பெருக்கியில் வைத்துப் பார்த்தும் புழு எதையும் காணவில்லை என்றார். இனிப்பின் மேல் குற்றம் சொன்னார். மூன்று நூற்றாண்டு ஆகப்போகிறது. பூச்சிக்கு இவ்வளவு ஆயுள் கிடைத்ததற்கு அறியாமை மட்டும் காரணமல்ல என்று நினைக்கிறேன். பூச்சி இருக்கும்வரை பெரியவர்கள் மேல் பழி வராது. மூன்று வயதுக் குழந்தை கடைக்குப் போய்க் காசு கொடுத்து மிட்டாய் வாங்குவதில்லை. யாரோ ஒருவர் வாங்கி அதன் கையில் கொடுக்கிறார்.

பல்லைத் தின்பது அமிலம். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் போன்ற வாய்க் கிருமிகள் சர்க்கரையை உண்டு லாக்டிக் அமிலத்தை வெளியிடுகின்றன. பல்லின் மேல் பிஎச் அளவு சுமார் 5.5க்குக் கீழே இறங்கினால் எனாமல் கரையத் தொடங்கும். எச்சில் அதை மீட்க அரை மணி நேரமாவது ஆகும். அதற்குள் அடுத்த மிட்டாய் வந்தால் மீள வழியில்லை. "வெள்ளைச் சர்க்கரைதான் கெடுதல், கருப்பட்டியும் வெல்லமும் தேனும் ஒன்றும் செய்யாது" என்று அடித்துச் சொல்பவர்களைத் தினமும் பார்க்கிறோம். கிருமிக்கு அந்தப் பேதம் கிடையாது. வெல்லப்பாகில் உருட்டிய கம்மர்கட்டு பல்லிடுக்கில் ஒட்டி நிற்பதால் இன்னும் மோசம்.

ஒட்டும் இனிப்பு மோசம் என்பது எப்படித் தெரிந்தது? இங்கேதான் மனம் கூசவேண்டும். ஸ்வீடனில் லுண்ட் நகரத்து விபெஹோல்ம் என்ற காப்பகத்தில் மனவளர்ச்சி குன்றியவர்கள் இருந்தார்கள். 1940களில் அவர்களுக்குப் பல்லில் ஒட்டும் டாஃபியைச் சாப்பாட்டு வேளைகளுக்கு இடையே கொடுத்தார்கள். ஒரு பிரிவினருக்கு நாளொன்றுக்கு 24. யாரிடமும் சம்மதம் கேட்கவில்லை. ஆய்வில் மிட்டாய் உற்பத்தியாளர்களின் பணமும் இருந்தது. 1954இல் முடிவு வெளியானது: எவ்வளவு தின்கிறோம் என்பதைவிட, எத்தனை முறை, எவ்வளவு நேரம் ஒட்டியிருக்கிறது என்பதே பல்லின் கதியைத் தீர்மானிக்கிறது. வாய் திறந்து மறுக்கத் தெரியாதவர்கள் தங்கள் பற்களைக் கொடுத்து நமக்கு வாங்கித் தந்த அறிவு இது. இதைத் தெரிந்துகொண்டே, அழுகிற குழந்தையின் வாயில் மிட்டாயைத் திணித்து அடக்குவதைப் பாசம் என்று எப்படிச் சொல்வது?

பிறகு ஃபின்லாந்து வந்தது. துர்க்கு நகரில் ஷெய்னின், மாக்கினென் என்ற ஆய்வாளர்கள் 1970களில் 125 பேரிடம் ஆய்வு நடத்தினார்கள். இரண்டு ஆண்டு முழுக்கச் சர்க்கரைக்குப் பதில் சைலிட்டால் உண்டவர்களுக்குப் புதிய சொத்தை ஏறக்குறைய இல்லை. சைலிட்டால், சார்பிட்டால் போன்றவற்றைச் சர்க்கரை ஆல்கஹால் என்பார்கள். போதைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மியூட்டன்ஸ் கிருமி சைலிட்டாலை உள்ளே இழுத்துக்கொள்ளும், ஆனால் அதைச் செரித்து அமிலமாக்க முடியாமல் வீணாகத் தன் ஆற்றலைச் செலவழிக்கும். சார்பிட்டாலை மெதுவாகச் செரிக்கும்.

அதற்காகச் சைலிட்டாலைக் கொண்டாடவும் நான் தயாரில்லை. 2015இல் வந்த காக்ரேன் அமைப்பின் தொகுப்பாய்வு, ஃப்ளூரைடு பற்பசையில் சைலிட்டால் சேர்ந்தால் சொத்தை ஓரளவு குறையலாம் என்றது. அந்தச் சான்றும் பலவீனமானது, சூயிங்கம் முதலியவற்றுக்குப் போதிய சான்றே இல்லை என்றும் சொன்னது. சூயிங்கத்தின் நன்மையில் ஒரு பங்கு, மெல்லும்போது ஊறும் எச்சிலுடையது. கடையில் "சுகர் ஃப்ரீ" என்று விற்பதை வாங்கிப் பின்பக்கத்தைப் பாருங்கள்: 420 என்றால் சார்பிட்டால், 967 என்றால் சைலிட்டால். அதிகம் தின்றால் வயிற்றுப்போக்கு வரும். சைலிட்டால் நாய்க்கு விஷம். ஒரு ரூபாய் மிட்டாய் விற்கிற பெட்டிக்கடையில் அது கிடைப்பதுமில்லை. காசுள்ள வீட்டுப் பிள்ளைக்குச் சைலிட்டால், இல்லாத வீட்டுப் பிள்ளைக்குக் கம்மர்கட்டு என்றால், அது இன்னொரு அநீதி. "சுகர் ஃப்ரீதானே" என்று நாள் முழுக்க இனிப்புக்கு நாக்கைப் பழக்கினால், கண்டங்கத்திரிப் புகை போல அதுவும் நம் பழியை மறைக்கத்தான் உதவும்.

"பால் பல்தானே, விழுந்து முளைக்கும்" என்பது நான் கேட்டதிலேயே இரக்கமற்ற வாக்கியம். இரவெல்லாம் வலியில் அழும் குழந்தைக்கு முளைக்கப்போகும் பல் ஆறுதல் ஆகாது.

சர்க்கரை கலந்த பால் புட்டியோடு தூங்கவைக்காதீர்கள். தூக்கத்தில் எச்சில் குறைந்துவிடும். சளிக்கும் காய்ச்சலுக்கும் சிரப் எழுதும் மருத்துவரிடம், சர்க்கரை இல்லாத வகை உண்டா என்று கேளுங்கள். இல்லையென்றால், இரவில் மருந்து கொடுத்த பிறகு பல் தேய்த்துவிட்டுப் படுக்கவையுங்கள்.