ஊரின் வளர்ச்சியை எந்த அளவையால் அறிவது?

ஓர் ஊர் முன்னேறியிருக்கிறது என்பதை எதைக் கொண்டு அறிவது? ஐ.நா. 2015இல் ஏற்ற நீடித்த வளர்ச்சி இலக்குகள் 17. இந்தியாவில் பஞ்சாயத்து முன்னேற்றக் குறியீடு அவற்றை 9 கருப்பொருள்களாகத் தொகுத்து, ஊராட்சிதோறும் மதிப்பெண் இடுகிறது. அந்த மதிப்பெண் எவ்வளவு நம்பத்தக்க அறிவு என்பது மெய்யியல் கேள்வி. இந்திய மெய்யியலின் நியாய மரபு அதற்குக் கூர்மையான கருவிகளைத் தருகிறது.

நியாயம் ஏற்கும் அளவைகள், அதாவது அறிவு பெறும் வழிகள், நான்கு: காட்சி, அனுமானம், ஒப்பு, உரை. குறியீடுகள் பெரும்பாலும் அனுமானத்தில் நிற்கின்றன. வீட்டில் குழாய் இருக்கிறது, ஆகவே தண்ணீர் கிடைக்கிறது என்பது ஓர் அனுமானம். புகையைக் கண்டு நெருப்பை அறியலாம். நெருப்பைக் கண்டு புகை உண்டு என்று சொல்ல முடியாது, புகை எழ ஈர விறகு வேண்டும். இப்படி மறைந்து நிற்கும் நிபந்தனையை நையாயிகர் உபாதி என்பர். குழாய்க்கும் தண்ணீருக்கும் நடுவே மோட்டார், மின்சாரம், நிலத்தடி நீர், மேட்டுத் தெரு, சில ஊர்களில் சாதி என உபாதிகள் பல. ஊரக வீடுகளுக்குக் குழாய் நீர் தரும் ஜல் ஜீவன் திட்டம் ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என வரையறுத்தது. இணைப்புகளை எண்ணி முடித்தாலும் அந்த 55 லிட்டர் வந்ததா என்பது தெரியாது.

அதை அறிந்தவர் குடம் நிரப்புகிறவர். அவர் சொல் உரை என்னும் அளவையில் சேரும். ஒன்றை நேரே அறிந்து, அறிந்தபடியே சொல்ல விரும்புகிறவர் நம்பத்தக்கவர். இந்த இலக்கணம் முனிவருக்கும் ஆரியருக்கும் மிலேச்சருக்கும் பொது என்கிறார் நியாய சூத்திரத்துக்குப் பாஷ்யம் எழுதிய வாத்ஸ்யாயனர். பிறப்பைக் கணக்கில் கொள்ளாத இந்த வரையறை, அந்தக் காலத்துக்குப் பெருந்துணிவு.

1994 டிசம்பரில் ராஜஸ்தானின் கோட் கிரானாவில், மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்னும் தொழிலாளர், உழவர் அமைப்பு நடத்திய மக்கள் விசாரணையில் அந்தத் துணிவு நடைமுறைக்கு வந்தது. வேலைப் பதிவேடுகள் ஊர் நடுவே உரக்கப் படிக்கப்பட்டன. ஏட்டில் பெயர் இருந்தவர்களே எழுந்து, அந்த வேலைக்குப் போகவில்லை என்றார்கள். 2005ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டம், 17ஆம் பிரிவில், இத்தகைய சமூகத் தணிக்கையைக் கிராம சபையின் பொறுப்பாக்கியது.

உரையிலும் குறை உண்டு. நிலக்காரர் முன் கூலிக்காரர் வாய் திறக்கத் தயங்குவார். பற்றாக்குறைக்குப் பழகியவர் இதுவே போதும் என்பார். பொருளியலாளர் அமர்த்தியா சென் இந்தப் பழக்கத்தைப் பற்றிப் பலமுறை எச்சரித்திருக்கிறார். எனவே எண்களும் வேண்டும். தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுக்கு 6 நாள் கூடுகிறது. ஊராட்சியின் மதிப்பெண்ணை அங்கே வாசித்து, தெருவாரியாகக் கேட்டுச் சரிபார்த்த பிறகே அதை மதிப்பீடாக ஏற்க வேண்டும்.