கட்டங்களுக்குள் கோபம்

ஒரு பையனுடைய கோபத்துக்கு நான் 'சி' தரம் போட்டிருக்கிறேன். 2012-ல். மத்திய வாரியப் பாடத்திட்டத்தில் அப்போது, 2009-ல் வந்த தொடர் மதிப்பீட்டு முறைப்படி, கணக்கு விஞ்ஞானத்தோடு கூடச் சிந்தனைத் திறன், சமூகத் திறன், உணர்வுத் திறன் என்ற மூன்றுக்கும் ஆசிரியர் எழுத்துத் தரம் போட வேண்டும். பையன் ஒன்பதாம் வகுப்பு. அப்பா தெருமுனையில் தள்ளுவண்டி வைத்து இஸ்திரி போடுகிறவர். ஒரு நாள் கசங்கிய சட்டையோடு வந்துவிட்டான். வேறொரு ஆசிரியர், வகுப்பு முழுதும் கேட்க, "ஊர்ச் சட்டைக்கெல்லாம் உங்கப்பா பெட்டி போடறார், உனக்குப் போட மாட்டாராடா?" என்றார். வகுப்பு சிரித்தது. பையன் ஜியாமெட்ரி பாக்ஸைக் கரும்பலகை மீது வீசினான். யார்மீதும் படவில்லை. அவனுடைய வகுப்பாசிரியன் நான். வருஷக் கடைசியில் உணர்வுத் திறனுக்கு 'சி' போட்டு, 'கோபத்தைக் கட்டுப்படுத்தப் பழக வேண்டும்' என்று ஒரு வரியும் எழுதினேன். எழுதும்போது எனக்கு உறுத்தல் ஏதும் இருக்கவில்லை என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

இப்போது இதை எழுதக் காரணம், சமூக உணர்வுக் கல்வி என்று உலகெங்கும் வழங்கும் விஷயத்தின் சட்டகங்கள் சிலவற்றைத் தமிழில் எடுத்துச் சொல்ல வேண்டிய வேலை எனக்கு வந்ததுதான். ஒன்றோடொன்றை ஒப்பிட்டுப் பார்க்கையில், எந்தச் சட்டகத்தை எடுத்தாலும் அந்த ஜியாமெட்ரி பாக்ஸை இவர்கள் எங்கே வைப்பார்கள் என்று தேடுவது எனக்குப் பழக்கமாகிவிட்டது. இது ஆராய்ச்சி முறை அல்ல. ஆனாலும் எனக்கு வேறு அளவுகோல் கிடைக்கவில்லை.

இவற்றில் அதிகம் பரவியது அமெரிக்காவில் 1994-ல் தொடங்கிய கேஸல் என்ற அமைப்பின் சட்டகம். தன்னை அறிதல், தன்னை நிர்வகித்தல், சமூகத்தை அறிதல், உறவுத் திறன், பொறுப்போடு முடிவெடுத்தல் என்று ஐந்து. வரிசையைக் கவனிக்க வேண்டும். முதல் இரண்டும் 'தான்'. அதற்குப் பிறகே பிறர். என் மாணவன் இரண்டாவது கட்டத்தில் விழுகிறான்: தன்னை நிர்வகிக்கத் தெரியாதவன். அந்த ஆசிரியர் எந்தக் கட்டத்திலும் விழவில்லை, ஏனெனில் கட்டங்கள் மாணவனுக்காகப் போடப்பட்டவை. பெரியவர்களுக்கும் இத்திறன்கள் வேண்டும் என்று கேஸல்காரர்கள் சொல்லாமல் இல்லை. ஆனால் தரம் போடும் தாள் பெரியவர்கள் பெயரில் வருவதில்லை.

இதன் பூர்வ கதை இதற்கு நேர்மாறானது என்பதுதான் விசித்திரம். 1968-ல் ஜேம்ஸ் கோமர் என்ற மனநல மருத்துவர், நியூ ஹேவன் நகரத்தில் மிகவும் பின்தங்கிக் கிடந்த இரண்டு ஆரம்பப் பள்ளிகளில் வேலையை ஆரம்பித்தார். குழந்தைகள் பெரும்பாலும் கறுப்பின ஏழைகள். அவர் குழந்தைக்குத் திறன் புகட்டப் புறப்படவில்லை. பள்ளியின் நிர்வாகத்தில் பெற்றோரை உட்கார வைத்தார். ஆசிரியர்களையும் மனநலப் பணியாளர்களையும் சேர்ந்து பேச வைத்தார். குழந்தை வீட்டிலிருந்து கொண்டு வருவதற்கும் பள்ளி எதிர்பார்ப்பதற்கும் இடையிலுள்ள பள்ளத்தை, பள்ளியின் பக்கமிருந்து தூர்க்கப் பார்த்தார். கால் நூற்றாண்டுக்குப் பின் அது குழந்தையிடம் இருக்க வேண்டியவற்றின் பட்டியலாக உருமாறியது. பட்டியல் எளிதில் பயணம் செய்யும். உறவுகளை மாற்றியமைப்பதைப் பெட்டியில் வைத்து இன்னொரு ஊருக்கு அனுப்ப முடியாது.

உலக சுகாதார நிறுவனம் 1990-களின் முற்பகுதியில் வகுத்த பத்து வாழ்க்கைத் திறன்கள் நம் பள்ளிகளுக்கு இன்னும் நெருங்கியவை. நான் தரம் போட்ட தாளின் மூதாதை அதுதான். அதில் உணர்ச்சிகளைச் சமாளித்தல், மன அழுத்தத்தைச் சமாளித்தல் என்று இரண்டு தனித்தனியாக உண்டு. சுகாதாரத் துறையின் குழந்தை அல்லவா, ஆகவே உணர்ச்சியை ஒரு அபாயமாகவே பார்க்கிறது. அதிகம் சொல்ல இதில் எனக்கு ஒன்றுமில்லை.

பொருளாதார ஒத்துழைப்பு வளர்ச்சி நிறுவனத்தின் சட்டகம் வேறு ஜாதி. அது பிறந்த இடம் பள்ளிக்கூடமோ ஆஸ்பத்திரியோ அல்ல, அகராதி. 1936-ல் ஆல்போர்ட், ஆட்பர்ட் என்ற இருவர் ஆங்கில அகராதியைச் சலித்து, மனிதரை மனிதரிடமிருந்து வேறுபடுத்திக் காட்டும் சொற்களாகப் பதினெட்டாயிரத்துக்குச் சற்றுக் குறைவாக எடுத்தார்கள். பின்வந்தவர்கள் அந்தச் சொற்குவியலைக் குறைத்துக் குறைத்துப் புள்ளிவிவரக் கணக்கால் ஐந்து குணக்கூறுகளாக்கினார்கள். 2019-ல் பத்து நகரங்களில் பத்து வயதுக் குழந்தைகளையும் பதினைந்து வயதினரையும் இந்த ஐந்தின் அடிப்படையில் அளந்தார்கள். பெரும்பாலான திறன்களில் பதினைந்து வயதினர் தம்மைக் குறைவாகவே மதிப்பிட்டுக்கொண்டதாகத் தெரிந்தது. திறன் குறைகிறது என்று கவலைப்பட்டவர்கள் உண்டு. தன்னைப் பற்றிப் பத்து வயதில் தெரியாதது பதினைந்தில் தெரிய வருகிறது என்றும் எடுத்துக்கொள்ளலாம். இரண்டில் எது என்று அந்த எண்கள் சொல்லாது. எழுதுகிறவர்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்று. உலகக் குழந்தைகளின் மனசை அளக்கும் கோலின் அடியில் கிடப்பது ஒரு மொழியின் சொற்கள். தமிழ் அகராதியைச் சலித்திருந்தால் இதே ஐந்துதான் மிஞ்சியிருக்குமா? மானம், ரோஷம், வீம்பு, கூச்சம் இவையெல்லாம் எங்கே போய்ச் சேர்ந்திருக்கும்?

சொற்களின் குழப்பம் அவர்களுக்கும் தெரியாததல்ல. ஒரே பெயரில் வெவ்வேறு பொருளைச் சொல்வது, ஒரே பொருளை வெவ்வேறு பெயரில் சொல்வது என்ற இரண்டு பிழைகளுக்கு அமெரிக்க உளவியலில் நூறாண்டாகவே வேடிக்கைப் பெயர்கள் உண்டு: ஜிங்கிள், ஜாங்கிள். ஹார்வர்டில் ஸ்டெபனி ஜோன்ஸும் குழுவினரும் பல சட்டகங்களை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து, அறிவு, உணர்ச்சி, சமூகம், விழுமியம், நோக்கு, தன்னடையாளம் என்ற ஆறு தலைப்புகளில் அடுக்கி ஒப்பிட்டார்கள். எந்தச் சட்டகம் எதை வலியுறுத்துகிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்று இதில் பார்க்கலாம். மிகவும் உபயோகமான வேலை. ஆனால் அதுவும் சொல்வது, குழந்தைக்குள் இருப்பதாக யார் யார் எதை எழுதினார்கள் என்பதைத்தான்.

தமிழில் இவற்றைச் சொல்ல முயலும்போது வேறு தொல்லை. 'சுய மேலாண்மை' என்று எழுதிப் பார்த்தேன். கம்பெனி வாடை அடித்தது. 'அடக்கம்' என்று எழுதினேன். நல்ல சொல், பழைய சொல். ஆனால் இந்த நாட்டில் அடக்கத்தை யார் யாரிடம் கேட்டு வந்திருக்கிறார்கள் என்ற சரித்திரமும் அந்தச் சொல்லோடு ஒட்டிக்கொண்டு வந்தது. இஸ்திரிக்காரர் மகனிடம் அடக்கத்தைக் கேட்பதும், சட்டை கசங்காமல் வருகிறவனிடம் கேட்பதும் ஒன்றல்ல. கம்பெனிச் சொல்லில் இந்தச் சரித்திரம் தெரியாமல் போகிறது என்பதால்தான் அது எல்லோருக்கும் சௌகரியமாயிருக்கிறது என்று சந்தேகிக்கிறேன்.

எல்லாம் தொல்காப்பியத்திலேயே இருக்கிறது என்பவர்களைக் கண்டால் விலகிப் போகிறவன் நான். இருந்தும் இந்த ஒப்பீட்டின் நடுவில் மெய்ப்பாட்டியலை எடுத்துப் பார்த்தேன். மெய்ப்பாடு எட்டு. ஒவ்வொன்றும் பிறக்க நான்கு இடங்கள். வெகுளி பிறக்கும் நான்கு இடங்களை உரைகாரர் வழிநின்று பார்த்தால்: உறுப்பைச் சிதைத்தல், குடியைத் துன்புறுத்தல், வைதோ அடித்தோ அலைத்தல், கொலை. நான்கும் ஒருவனுக்கு வெளியே, இன்னொருவன் கையால் நடப்பவை. அழுகைக்குச் சொன்ன நான்கில் ஒன்று வறுமை. அதாவது உணர்ச்சியின் விலாசம் இங்கே மனசு அல்ல, நடந்த காரியம். பையனின் கோபத்தை இதன்படி வகைப்படுத்தப் போனால், முதலில் அவனை யார் அலைத்தது என்று கேட்காமல் ஒரு அடி நகர முடியாது. இது கல்வி நூல் அல்ல, செய்யுளியல்பு பேசுவது. குழந்தையை இப்படி வளர்க்க வேண்டும் என்று இதில் ஒன்றுமில்லை. கோபப்பட்டவன் அடுத்து என்ன செய்யலாம் என்பதும் இல்லை. நான் இதை மாற்றுச் சட்டகமாக முன்வைக்கவில்லை. என் தாளில் ஒரு பத்தி விடுபட்டிருந்ததை இது காட்டிற்று, அவ்வளவே.

மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் நான் பொய் சொன்னவனாவேன். 2011-ல் டர்லாக்கும் பிறரும், 213 திட்டங்களையும் அவற்றில் பங்குகொண்ட 2,70,034 மாணவர்களையும் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். மாணவர்களின் நடத்தை மேம்பட்டது. படிப்பிலும் தரவரிசையில் பதினொரு புள்ளி அளவுக்கு உயர்வு இருந்தது. அலட்சியம் செய்யக்கூடிய விஷயமல்ல. பிரிட்டனில் 85 பள்ளிகளில் மனக்கவனப் பயிற்சியைச் சோதித்து 2022-ல் வெளியான ஆய்வில், வழக்கமான கற்பித்தலைவிட அது மேலானதாகத் தெரியவில்லை என்பதும் உண்மை. ஆக, எது, யாரால், எப்படி என்பதைப் பொறுத்தது. கோபத்தைப் பிடித்து நிறுத்தத் தெரியாத பையன்கள் பிற்பாடு எங்கே போய் நிற்கிறார்கள் என்பதையும் நான் பார்த்திருக்கிறேன். கோபம் நியாயமானது என்பதால் பாக்ஸ் யார் கண்ணிலும் படாமல் போகும் என்று உத்தரவாதமில்லை.

கோபத்தை இல்லாமலாக்குவதா, அதைச் சரியான இடத்தில் செலுத்தப் பழகுவதா என்ற பிரச்னை பழையது. செனெக்காவுக்குக் கோபம் ஒருவகைப் பைத்தியம்; அதை அளவோடு வைத்துக்கொள்ளலாம் என்பதையே அவர் ஒப்புக்கொள்ள மாட்டார். அரிஸ்டாட்டில், கோபப்பட வேண்டியதற்குக் கோபப்படாதவனை மூடனாகக் கருதினார். யாரிடம், எப்போது, எவ்வளவு என்பதே அவருக்குக் கேள்வி. உணர்வு நுண்ணறிவைப் பிரபலமாக்கிய டேனியல் கோல்மனின் 1995-ம் வருஷத்துப் புத்தகம் அரிஸ்டாட்டிலின் இந்தக் கருத்தைத்தான் வாசலில் வைத்திருக்கிறது. பள்ளிக்கு வந்து சேர்ந்த தாள்களிலோ செனெக்காதான் உட்கார்ந்திருக்கிறார். காரணம் ஊகிக்கக்கூடியதே. கோபம் குறைந்ததா என்று எண்ணிப் பார்க்கலாம். கோபம் சரியான ஆள்மீது போனதா என்று எண்ண வேண்டுமானால், அந்த ஆள் யார் என்று பள்ளி சொல்லியாக வேண்டும்.

கேஸல் 2020-ல் தன் வரையறையைத் திருத்தி, தன்னடையாளம், சமநீதி ஆகியவற்றை உள்ளே கொண்டுவந்தது. 2019-ல் தில்லியில் தலாய் லாமா முன்னிலையில் வெளியிடப்பட்ட எமரி பல்கலைக்கழகத்தின் சட்டகம், தான், பிறர் என்ற இரண்டோடு அமைப்புகள் என்று மூன்றாவது ஒரு தளத்தையும் வைக்கிறது. அதன் மையம் கருணை. 2018-ல் தில்லி அரசுப் பள்ளிகளில் தொடங்கிய மகிழ்ச்சிப் பாடத்துக்குப் பரீட்சையும் மதிப்பெண்ணும் இருக்கவில்லை. மகிழ்ச்சி என்ற பெயர் எனக்குப் பிடிக்கவில்லை. மதிப்பெண் வைக்கவில்லை என்பது பிடித்திருக்கிறது. பாக்ஸை எறிந்த பையனிடம் கருணையைக் கேட்பதில் எனக்குத் தயக்கமுண்டு, அதை முதலில் கேட்க வேண்டிய இடம் வேறு என்பதால்.

ரிப்போர்ட் கார்டில் கையெழுத்துப் போட அவன் அப்பாவே வந்திருந்தார். 'சி'யைக் காட்டி என்ன இது என்று கேட்டார். சொன்னேன். கொஞ்ச நேரம் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். "பய ஏன் எறிஞ்சான்னு இதுல எழுதியிருக்கா சார்?" என்றார். அதற்கு இதில் இடமில்லை என்றேன். தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். பேனாவை என் பையிலேயே திருப்பிச் செருகினார். 2017-ல் அந்த மதிப்பீட்டு முறையையே எடுத்துவிட்டார்கள். அதற்கு முன்னால், தரத்தைத் திருத்தச் சொல்லித் தலைமையாசிரியருக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கலாம். நான் எழுதவில்லை. அந்த ஆசிரியரிடமும் எதுவும் கேட்கவில்லை. பல வருஷம் ஒரே அறையில் உட்கார்ந்து காப்பி குடித்தோம்.