கணினியும் கட்டளையும்

மதுரையைச் சுற்றியுள்ள சிற்றூர்களில், சிறப்பாகத் திருமங்கலம், உசிலம்பட்டி பக்கங்களில், பிள்ளைகளைப் படைக்கு அனுப்புவது புதிய செய்தியன்று. சிப்பாயாகச் சேர்ந்து சுபேதாராக ஓய்வு பெற்றவர்களை அங்கே பார்க்கலாம். ஆனால் இப்போது பெற்றோர் சிலரிடமிருந்து வரும் கேள்வி சற்றே வேறானது. "சாமி, பையன் கம்ப்யூட்டர் படிக்க ஆசைப்படுகிறான். ராணுவ அகாடமியிலேயே அந்தப் பட்டம் வாங்கலாமாம். அனுப்பலாமா?"

கேள்வி எளிதாகத் தோன்றுகிறது. அதற்குள் அறநெறிச் சிக்கல் ஒன்று மறைந்திருக்கிறது. அதை அவிழ்த்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் செய்தியைத் தெளிவாக்கிக் கொள்வோம். புனே நகருக்கு அருகில் கடக்வாஸ்லாவில் தேசியப் பாதுகாப்பு அகாடமி இருக்கிறது. அங்கே மூன்றாண்டுப் பயிற்சியை முடிப்பவர்களுக்கு ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகம் பட்டம் வழங்குகிறது. அப்பட்டங்களுள் ஒன்று கணினி அறிவியல். மத்தியப் பிரதேசத்து மோவ் நகரிலுள்ள இராணுவத் தொலைத்தொடர்புப் பொறியியல் கல்லூரியில் தகவல் தொழில்நுட்பப் பொறியியலும் கற்பிக்கப்படுகிறது. கடக்வாஸ்லாவில் உணவு, உறைவிடம், சீருடை, நூல்கள் ஆகியவற்றின் செலவை அரசே ஏற்கிறது. 2022 முதல் பெண்களும் அங்கே பயில்கிறார்கள். முதல் அணியினர் 17 பேர் 2025 மே மாதத்தில் பயிற்சி முடித்து வெளிவந்தனர். வானம் பார்த்த பூமியில் பயிரிடும் குடும்பத்திற்கு இஃது எத்துணைப் பெரிய வாய்ப்பு என்பதை நாம் மறுக்கலாகாது. வறியவரின் நம்பிக்கையை எள்ளி நகையாடும் அறம் அறமாகாது.

ஆயினும், அதே கணினிப் படிப்பு மதுரையிலேயே கிடைக்கிறது. படித்து முடித்தால் இலந்தைக்குளத்திலும் வடபழஞ்சியிலும் உள்ள தகவல் தொழில்நுட்பப் பூங்காக்களில் வேலை தேடலாம். நிரல் எழுதும் முறை இரண்டு இடங்களிலும் ஒன்றே. அப்படியானால் சீருடை அணிந்து கற்பதால் அந்த அறிவுக்கு என்ன நேர்கிறது?

ஒரு சாரார், "அறிவு அறிவுதான், அதைப் பயன்படுத்துவோர் வேறு" என்பர். மற்றொரு சாரார், "கொலைக் கருவிக்குத் துணைபோகும் கல்வி கிறிஸ்தவருக்கு ஆகாது" என்பர். இரண்டும் அவசர விடைகள். முன்னது பொறுப்பைத் தட்டிக் கழிக்கிறது. பின்னது திருச்சபை சொல்லாததைச் சொல்கிறது. தம்மிடம் வந்த படைவீரரைத் திருமுழுக்கு யோவான் பணியை விட்டு விலகச் சொல்லவில்லை. எவரையும் மிரட்டிப் பணம் பறிக்க வேண்டாம், கிடைக்கும் ஊதியம் போதுமென்றிருங்கள் என்றே பணித்தார். 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கமும், நாட்டுக்குத் தொண்டாற்றும் படைவீரர் தம் கடமையை முறையாகச் செய்தால் அமைதிக்கே துணை புரிகின்றனர் எனக் கற்பித்தது. அதே ஏட்டின் அதே பகுதியில், அறத்தின் பொதுவிதிகளை மீறும் கட்டளைகள் குற்றமானவை என்றும், கண்மூடித்தனமான கீழ்ப்படிதல் அக்குற்றத்திற்குச் சாக்காகாது என்றும் கூறியது. முன்னதை நினைவில் வைத்துக்கொண்டு பின்னதை மறந்துவிடுவது நம் வழக்கமாகிவிட்டது.

சிக்கலின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. படைப் பயிற்சி, கட்டளை வந்தால் தயங்காதே என்று பழக்குகிறது. கணினிப் படிப்போ, சோதித்துப் பார்க்காத எதையும் நம்பாதே என்று பழக்குகிறது. இவ்விரு பழக்கங்களும் ஒரே இளைஞனின் உள்ளத்தில், ஒரே வளாகத்தில், 17, 18 வயதில் ஊன்றப்படுகின்றன. முதலாவது மட்டும் வேர்விட்டு இரண்டாவது வாடிப்போனால் என்ன ஆகும்?

இரண்டு நிகழ்ச்சிகளைப் பார்ப்போம். 1991 பிப்ரவரி 25 அன்று, வளைகுடாப் போரின்போது, சவூதி அரேபியாவின் தஹ்ரானில் அமெரிக்கப் படையினரின் குடியிருப்பு ஒன்றின்மீது ஈராக்கிய ஸ்கட் ஏவுகணை விழுந்து 28 வீரர்கள் மாண்டனர். அதைத் தடுத்திருக்க வேண்டிய பேட்ரியாட் அமைப்பின் கணினி, நேரத்தைப் பத்தில் ஒரு விநாடியாக எண்ணியது. பத்தில் ஒன்று என்னும் பின்னம் கணினியின் இரும எண்முறையில் முடிவின்றி நீள்வது. அதை ஓரிடத்தில் வெட்டியதால் ஒவ்வோர் எண்ணிக்கையிலும் நுண்ணிய பிழை சேர்ந்தது. நூறு மணி நேரம் தொடர்ந்து இயங்கிய பின் அப்பிழை ஏறத்தாழ மூன்றில் ஒரு விநாடி ஆயிற்று. அந்நேரத்திற்குள் ஏவுகணை அரைக் கிலோமீட்டருக்கு மேல் பறந்துவிடும். அமைப்பு தவறான இடத்தைப் பார்த்துக் கொண்டிருந்தது. திருத்திய நிரல் மறுநாள்தான் வந்து சேர்ந்தது. தீய எண்ணம் எவருக்கும் இல்லை. ஆனால் உயிர்கள் போயின.

மற்றொன்று 1983 செப்டம்பர் 26 அன்று நடந்தது. சோவியத் நாட்டின் எச்சரிக்கை மையத்தில் ஸ்தனிஸ்லாவ் பெத்ரோவ் என்னும் அதிகாரி இரவுப் பணியில் இருந்தார். படைத்துறைக் கல்வி நிலையத்தில் பொறியியல் பயின்றவர் அவர். அமெரிக்கா ஏவுகணைகளைச் செலுத்திவிட்டதாகக் கணினி அறிவித்தது; முதலில் ஒன்று, பின்னர் நான்கு. அதை உண்மையென்று மேலிடத்துக்குத் தெரிவிப்பதே விதி. அவரோ, போர் தொடுப்பவர் ஐந்தே ஏவுகணைகளோடு தொடங்குவரோ என்று ஐயுற்றார். தரையிலிருந்த ரேடார்களும் எதையும் காட்டவில்லை. பொய் எச்சரிக்கை என்றே அறிவித்தார். உயர்ந்த மேகங்களில் பட்ட சூரிய ஒளியைச் செயற்கைக்கோள் தவறாகப் புரிந்துகொண்டது என்பது பின்னர் தெரிந்தது. அவருக்குப் பரிசு கிடைக்கவில்லை. பதிவேட்டைச் சரியாக எழுதவில்லை என்ற கண்டனமே கிடைத்தது.

பெத்ரோவ் படையை விட்டு ஓடியவரல்லர். தம் இருக்கையில் இருந்தபடியே உலகுக்கு நன்மை செய்தவர். அந்த இயந்திரத்தின் உள்ளமைப்பை அறிந்திருந்ததாலேயே அதனை ஐயுற அவரால் முடிந்தது. அவருடைய அறிவே அவருடைய மனச்சான்றுக்குக் கண்ணாயிற்று. அறியாதவன் அங்கே அமர்ந்திருந்தால் திரையில் தோன்றியதை வேதவாக்காகக் கொண்டிருப்பான்.

ஆகவே, கணினி கற்ற அதிகாரி படைக்குத் தேவை என்பதைவிட, மனச்சான்றுள்ள மனிதன் அந்தக் கணினியின் முன் தேவை என்பதே என் துணிபு. இனிவரும் நாள்களில் இத்தேவை பெருகும். யாரைக் கொல்வது என்பதை இயந்திரமே முடிவு செய்யும் ஆயுதங்கள் இன்று உருவாகின்றன. 2024 ஜூன் 14 அன்று ஜி-7 நாட்டுத் தலைவர்கள் முன் பேசிய திருத்தந்தை பிரான்சிஸ், மனித உயிரைப் பறிக்கும் முடிவை எந்த இயந்திரத்திடமும் ஒப்படைக்கலாகாது என்று வற்புறுத்தினார். அத்தகைய நிரலை எழுதப் பணிக்கப்படும் நாளில் "இது தகாது" என்று சொல்லும் ஆளும் தேவை. அப்படிச் சொல்வதால் பதவி உயர்வு போகலாம். அந்த விலையைப் பிள்ளைக்கு மறைக்கலாகாது.

அதே நேரத்தில், சீருடை அணியாதவன் தப்பினான் என்றும் எண்ண வேண்டாம். குளிரூட்டிய அறையில் அமர்ந்து, எதற்கென்று கேளாமலே நிரலின் ஒரு துண்டை எழுதித் தருபவனுக்கும் இக்கேள்வி உண்டு. சீருடையிட்டவனுக்கோ தன் கைவேலை எங்கே போகிறது என்பது தெரியும். தெரிந்து சுமக்கும் பொறுப்பு, தெரியாமல் சுமப்பதைவிடக் கடினமானது; நேர்மையானதும்கூட.

நற்செய்தியில் வரும் நூற்றுவர் தலைவரை எண்ணிப் பாருங்கள். கட்டளையிடவும் கட்டளைக்குப் பணியவும் அறிந்தவர் அவர். அவர் ஆண்டவரிடம் வேண்டியது தம் பணியாளன் நலம் பெறவே. அதிகாரத்தின் நடுவில் இருந்தும், தமக்குக் கீழிருந்தவனின் துன்பத்தை மறவாத அந்த மனிதரின் நம்பிக்கையையே இயேசு வியந்தார்.

பெற்றோரே, தகுதியும் விருப்பமும் இருந்தால் பிள்ளையை அனுப்புங்கள். அனுப்புமுன் கணக்குப் பாடத்திற்குத் தனிப்பயிற்சி தேடித் தருவது போல, மனச்சான்றுக்கும் பயிற்சி தாருங்கள். வீட்டில் அவன் "ஏன்?" என்று கேட்டபோதெல்லாம் வாயை மூடு என்று அடக்கிவிட்டு, நாளை நாடே நடுங்கும் ஒரு நொடியில் அவன் துணிந்து கேட்பான் என எதிர்பார்க்க இயலாது. கீழ்ப்படியவும் கேள்வி கேட்கவும் தெரிந்த பிள்ளையாக அவன் இரயிலேறட்டும்.