ஒட்டிய படலம்

பிரதோஷத்தன்று பிச்சாட்டூரிலிருந்து ஆரணி ஆற்றங்கரைச் சுருட்டப்பள்ளி சிவன் கோயிலுக்குப் போகும்போதெல்லாம் என் தெலுங்கு நண்பர் ஒன்றையே சொல்வார்: பற்று முழுக்க அறுந்தால்தான் விடுதலை, உடம்பு, ஊர், உறவு எல்லாம் தடை. நான் பள்ளியில் ரசாயனம் நடத்தியவன், மாலையில் சைவ சித்தாந்தம் படிப்பவன். அவர் பேச்சைக் கேட்டால் எனக்குக் கிராஃபீன்தான் நினைவுக்கு வருகிறது.

சிலிக்கன் கார்பைடு படிகத்தை ஆர்கான் வாயுவில் சுமார் 1,600 டிகிரி செல்சியஸுக்குச் சூடேற்றினால், மேற்பரப்பிலுள்ள சிலிக்கன் ஆவியாகிவிடும். தங்கிவிட்ட கார்பன் அணுக்கள் அறுகோணங்களாகப் பிணைந்து கிராஃபீன் என்னும் ஓரணுக் கனப் படலமாகும். வெளியிலிருந்து யாரும் கார்பனைக் கொண்டுவந்து இடுவதில்லை.

ஆனால் படிகத்தின் சிலிக்கன் முகத்தில் முதலில் உண்டாகும் படலத்துக்கு வடிவம் மட்டுமே கிராஃபீனுடையது. அதன் அணுக்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அடியிலுள்ள சிலிக்கனைப் பிடித்திருக்கும். அதனால் கிராஃபீன்போல மின்சாரம் கடத்தாது. மேலும் சூடேற்றினால் அடியில் புதுப் படலம் முளைக்கும். பழையது பிடி விட்டுக் கிராஃபீனாகும். இதுவரை நண்பர் சொல்வதே சரி.

2024 ஜனவரியில் வந்த செய்தி வேறு. அமெரிக்காவின் ஜார்ஜியா டெக்கில் வால்ட் டி ஹீர் குழுவினர், சீனாவின் தியான்ஜின் பல்கலைக்கழகத்தாரோடு சேர்ந்து, ஒட்டிய அந்தப் படலத்தையே செம்மையாக வளர்த்தார்கள். அதில் 0.6 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் இடைவெளி இருந்தது. விடுபட்ட கிராஃபீனுக்கு அந்த இடைவெளி இல்லை. டிரான்சிஸ்டரில் மின்னோட்டத்தை முழுக்க நிறுத்த அந்தக் கிராஃபீனால் ஆகாது. இந்த ஒட்டிய படலத்தால் ஆகும். முன்பு இது பயன்படாமல் கிடந்ததற்குக் குற்றம் பிடிப்பில் இல்லை, ஒழுங்கில்லாமல் வளர்ந்ததில் இருந்தது.

கார்பனுக்கு உயிரில்லை, படிகத்தை வைத்து முத்தியை நிறுவ நான் முனையவில்லை. ஆனாலும் சைவ சித்தாந்தத்தின் மெய்கண்டார் மரபு பற்றை எத்தனை நுட்பமாக நினைத்திருக்கிறது! உயிர் சார்ந்ததன் வண்ணமாவது. மாயையும் உயிரைப் பிணிக்கும் மலம்தான், என்றாலும் ஆணவ இருளில் கிடக்கும் உயிருக்கு உடலும் கருவியும் உலகும் அதிலிருந்தே தரப்படுகின்றன, அழுக்குத் துணிக்கு உவர்மண் இடுவதுபோல. உடம்பையும் ஊரையும் வெறும் தடை என்று தள்ள எனக்கு மனம் வராததற்குக் காரணம் இதுதான்.

நண்பர் வேதாந்தி. முடிவில் பற்றுகிறவனே இல்லை என்பார். எனக்கு அது ஒப்பவில்லை. முத்தியிலும் உயிர் உண்டு. அப்போது அது பற்றியிருப்பது திருவடியை.