இடம் மாறி ஆடுதல்

சதுரங்கம் ஆடும் இயந்திரங்களுக்கும் அறவியலுக்கும் என்ன தொடர்பு என வாசகர் வியக்கக்கூடும். மனிதரை மனிதர் மதிப்பிடும் இடங்களிலே விருப்பும் வெறுப்பும் செல்வாக்கும் புகுந்து, நீதி யாது என்னும் வினாவையே கலக்கிவிடுகின்றன. இயந்திரங்களுக்கோ சுற்றமில்லை, சாதியில்லை, சிபாரிசுக் கடிதமுமில்லை. ஆதலின், அவற்றிடையே நடைபெறும் போட்டியிலே அவ்வினா கலப்பின்றித் தோன்றுகின்றது. அது கருதியே அதனை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

2017 டிசெம்பரில், கூகிளின் சகோதர நிறுவனமான டீப்மைண்ட் ஒரு செய்தியை வெளியிட்டது. அல்பாசீரோ என்னும் அதன் செய்நிரல், விதிகளை மட்டும் அறிந்துகொண்டு, தன்னோடு தானே ஆடிப் பயின்று, ஸ்டொக்பிஷ் என்னும் புகழ்பெற்ற செய்நிரலின் எட்டாம் பதிப்போடு நூறு ஆட்டங்கள் ஆடியது. இருபத்தெட்டில் வென்றது, எழுபத்திரண்டு சமநிலையில் முடிந்தன, ஒன்றிலேனும் அது தோற்கவில்லை. உலகப் பத்திரிகைகள் வியந்தன.

ஆயின், ஸ்டொக்பிஷ்ஷை உருவாக்கியோருள் ஒருவரான ரோர்ட் ரொம்ஸ்டாட் முதலியோர் சில வினாக்களை எழுப்பினர். ஒவ்வொரு நகர்த்தலுக்கும் சரியாக ஒரு நிமிடம் என வகுக்கப்பட்டிருந்தது. சிக்கலான கட்டத்திலே நீண்டு சிந்திக்கவும் எளிய கட்டத்திலே விரைந்து ஆடவும் பழக்கப்பட்ட ஸ்டொக்பிஷ்ஷுக்கு, அத்திறனைக் காட்ட இடமேயிருக்கவில்லை. அறுபத்துநான்கு இழைகளில் இயங்கிய அதற்கு வழங்கப்பட்ட தற்காலிக நினைவகம் ஒரு கிகாபைற்று மாத்திரமே. பதிப்போ ஓராண்டு பழையது. போட்டியின் விதிகளை வகுத்ததும், இயந்திரங்களை இயக்கியதும், முடிவை அறிவித்ததும் போட்டியாளருள் ஒருவரே.

2018 டிசெம்பரில் வெளியான விரிவான ஆய்வுக்கட்டுரையிலே அக்குறைகள் பல நீக்கப்பட்டிருந்தன. ஆட்டமொன்றுக்கு மூன்று மணித்தியாலம், நகர்த்தலுக்குப் பதினைந்து விநாடி மேலதிகம், முப்பத்திரண்டு கிகாபைற்று நினைவகம் என்ற நிபந்தனைகளில் ஆயிரம் ஆட்டங்கள் நடைபெற்றன. அல்பாசீரோ 155 ஆட்டங்களில் வென்றது, ஆறில் தோற்றது, ஏனையவை சமநிலை.

அவ்வாறாயின், முன்னர் எழுந்த ஆட்சேபங்கள் வீண் வாதங்கள்தாமா? அன்று என்பதே நமது கருத்து. முடிவு உண்மையாக இருப்பது வேறு. அது உண்மையென நாம் அறிந்துகொள்வது வேறு. குற்றவாளியே ஆயினும், விசாரணையின்றித் தண்டிக்கப்பட்டவனுக்கு அநீதி இழைக்கப்பட்டதென்றே நாம் கொள்கின்றோம். ஆட்சேபித்தோர் முடிவு மாறும் என எதிர்பார்த்திருப்பின் அவ்வெதிர்பார்ப்புப் பொய்த்தது; நீதியான சோதனையைக் கோரிய அவர்தம் உரிமை பொய்க்கவில்லை.

எனினும் இதனினும் ஆழமான சிக்கல் ஒன்றுண்டு. ஸ்டொக்பிஷ் சாதாரணச் செயலிகளில் இயங்குவது. அல்பாசீரோவோ இத்தகைய கணிப்புகளுக்கெனவே ஆக்கப்பட்ட நான்கு சிறப்புச் செயலிகளில் ஆடியது. அதன் பயிற்சிக்கான ஆட்டங்களை உண்டாக்க ஐயாயிரம் செயலிகள் பயன்பட்டன. இவ்விரண்டையும் எந்தத் தராசில் நிறுப்பது? விலையைச் சமனாக்குவதா, மின்சாரத்தையா, நேரத்தையா? ஒன்றைச் சமனாக்கினால் மற்றொன்று கோணுகின்றது. எதனைச் சமனாக்குவது என்பதை இயற்கை தீர்மானிப்பதில்லை. யாரோ ஒருவர் தீர்மானிக்கின்றார். அவர் யார், அவர் முடிவை வினவ எவருக்கு உரிமையுண்டு என்பவையே இங்கு நாம் கேட்கவேண்டிய வினாக்கள்.

இதற்கு மாறான ஒரு நடைமுறையையும் காண்போம். 2013இல் கரி லின்ஸ்கொட் தொடக்கிய பிஷ்டெஸ்ட் என்னும் அமைப்பிலே, ஸ்டொக்பிஷ்ஷில் எவரேனும் ஒரு மாற்றத்தை முன்மொழிந்தால், தொண்டர்கள் தம் கணனிகளை இரவலாகத் தந்து பழையதையும் புதியதையும் மோதவிடுகின்றனர். இரண்டும் ஒரே கணனியிலேயே ஆடுகின்றன. எத்தனை ஆட்டங்கள் போதும் என்பதை ஆர்வம் தீர்மானிப்பதில்லை. முன்னணியில் நிற்கும் வேளை பார்த்துப் போட்டியை நிறுத்துவோன் எதனையும் நிறுவிவிடலாமன்றோ? ஆகவே, இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஆபிரகாம் வால்ட் வகுத்த புள்ளிவிபர முறைப்படி, ஏற்பதற்கும் தள்ளுவதற்குமான எல்லைகள் ஆட்டம் தொடங்குமுன்னரே குறிக்கப்படுகின்றன. முடிவுகள் யாவும் எவரும் பார்க்கத் திறந்து கிடக்கின்றன. மாற்றத்தை முன்மொழிந்தவர் பெரிய நிபுணரா, பெயரறியாத மாணவரா என்பதை அவ்வெல்லைகள் அறியா.

இம்முறையிலே நம்மைப் பெரிதும் சிந்திக்கவைக்கும் கூறு ஒன்றுண்டு. சதுரங்கத்தில் முதலில் நகர்த்தும் வெள்ளைக்குச் சற்று அனுகூலமுண்டு. 2017 போட்டியில் அல்பாசீரோவின் இருபத்தெட்டு வெற்றிகளில் இருபத்தைந்து வெள்ளையாக ஆடிப் பெற்றவையே. எனவே ஒவ்வொரு தொடக்க நிலையையும் இருமுறை, பக்கம் மாற்றி ஆடவைக்கின்றனர். அது மாத்திரமன்று; வல்ல செய்நிரல்கள் சமநிலையான தொடக்கத்திலிருந்து ஆடினால் பெரும்பாலும் வெற்றி தோல்வியே விளையாது. ஆதலின், வேண்டுமென்றே ஒரு பக்கம் சாய்ந்த தொடக்கங்களைத் தேர்ந்தெடுக்கின்றனர். சமனற்ற நிலையிலிருந்தே நீதியான சோதனை பிறக்கின்றது! அது எங்ஙனம்? இன்று சாதகமான பக்கத்தில் அமர்ந்தவர் அடுத்த ஆட்டத்திலே பாதகமான பக்கத்தில் அமர்ந்தாகவேண்டும். அநீதியின் பாரத்தை இருவரும் சரிபாதியாகச் சுமக்கின்றனர்.

மனித சமுதாயத்தை நோக்குமிடத்து இவ்வுவமை முறிகின்றது; அம்முறிவே நமக்குப் பாடமாகின்றது. வசதியான வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கும் தோட்டத்து லயத்தில் வளர்ந்த பிள்ளைக்கும் ஒரே வினாத்தாள், ஒரே மூன்று மணித்தியாலம், பெயர் மறைத்த சுட்டெண் எனக் கொடுத்துவிட்டு, நீதி செய்துவிட்டதாக நாம் ஆறுதலடைகின்றோம். மண்டபத்தினுள்ளே கடிகாரம் இருவருக்கும் ஒன்றுதான். ஆயின் அவர்கள் இடம் மாறி மீண்டும் ஆடுவதில்லை. இயந்திரம் பல்லாயிரம் ஆட்டங்கள் ஆடலாம். தோற்ற ஆட்டத்தின் வடு அதற்கில்லை. பிள்ளைக்கோ சில வாய்ப்புகளே உண்டு. அவற்றின் முடிவு ஆயுள் முழுதும் தொடர்கின்றது.

இதனால் பரீட்சைகளை ஒழித்துவிடுக என நாம் கூறவில்லை. மறைத்த சுட்டெண், ஒருவர் திருத்தியதை மற்றொருவர் சரிபார்த்தல் ஆகியவற்றை இழந்தால், செல்வாக்கே பரீட்சகராகிவிடும். நாம் கூறுவது இதுவே: சம நிபந்தனை என்பது நீதியின் தொடக்கமேயன்றி முடிவன்று. ஒரு பெறுபேற்றைத் திறமையின் அளவு என அறிவிக்குமுன், எவை சமனாக்கப்பட்டன, எவை சமனாக்கப்படாது விடப்பட்டன என்பதையும் அறிவிக்க நாம் கடமைப்பட்டுள்ளோம்.

கடன் வழங்குவதற்கும் வேலைக்கு ஆள் தெரிவதற்கும் இன்று செய்நிரல்கள் பயன்படுத்தப்படுகின்றன. ஒரு சதுரங்கச் செய்நிரலில் ஒரு வரியை மாற்றுவதற்கே, பக்கம் மாற்றி, எல்லை குறித்து, எல்லோரும் காண ஆயிரக்கணக்கான ஆட்டங்கள் ஆடிப் பார்க்கும் பொறுமை மனிதரிடம் இருக்கின்றது. மனிதரின் வாழ்வைத் தீர்மானிக்கும் அளவுகோல்களுக்கும் அதே பொறுமையை, அதே வெளிப்படையை நாம் கோருதல் மிகையாகாது.