கல்லாவில் இருப்பவர் அரசாங்கம் அல்ல

ஜெர்மனியின் இடார்-ஓபர்ஸ்டைன், ரத்தினக் கற்களுக்குப் பட்டை தீட்டுவதில் பேர்போன ஊர். 2021 செப்டம்பர் 18, சனிக்கிழமை மாலை, அங்குள்ள பெட்ரோல் நிலையக் கடைக்கு 49 வயதுக்காரர் ஒருவர் பீர் வாங்க வந்தார். முகக்கவசம் இல்லை. கல்லாவில் இருந்தவர் 20 வயது மாணவர். படித்துக்கொண்டே அங்கு வேலை பார்த்தவர். முகக்கவசம் போடாமல் பொருள் தர முடியாது என்றார். வந்தவர் வெறுங்கையோடு போய்விட்டார். ஒன்றரை மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தபோது முகக்கவசம் போட்டிருந்தார். கல்லாவுக்கு எதிரே நின்று அதைக் கீழே இறக்கினார். மாணவர் மறுபடியும் விதியை நினைவூட்டினார். வந்தவர் கைத்துப்பாக்கியை எடுத்து மாணவரின் தலையில் சுட்டார். மறுநாள் சரணடைந்த அவர், கொரோனாக் கட்டுப்பாடுகள் தன்னை நெருக்கிவிட்டதாகவும், எதிர்ப்பைக் காட்ட விரும்பியதாகவும் சொன்னார். 2022 செப்டம்பரில் பாட் க்ரொய்ட்ஸ்நாக் நீதிமன்றம் அவருக்கு ஆயுள் தண்டனை விதித்தது.

குண்டுக்கு நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. குண்டுக்கு முன்னால் நடந்ததைப் பற்றி அறம் பேச வேண்டியிருக்கிறது. ஏனென்றால் அந்த முன்பாதி அந்த ஒரு கடையில் மட்டும் நடக்கவில்லை. 2020, 2021 ஆண்டுகளில் அமெரிக்கா, கனடா, பிரிட்டன் என்று நாடு நாடாகப் பல்பொருள் அங்காடிகளின் வாசலில் அதே வாக்குவாதம், அதே கூச்சல், அதே அவமதிப்பு. மிச்சிகனின் ஃப்ளின்ட் நகரில் 2020 மே 1 அன்று, மலிவு விலைக் கடையொன்றின் காவலாளி, ஒரு வாடிக்கையாளரின் மகளை முகக்கவசம் போடச் சொன்னார். சற்று நேரத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். இப்படிக் கொலைவரை போனவை சில. கல்லாவில் இருந்த பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த வாடிக்கையாளருக்குப் பில் போட்டதோடு முடிந்தவை எண்ணிலடங்காதவை.

ஒரு விதி தவறு என்று மனப்பூர்வமாக நம்புகிற ஒருவர், அந்த நம்பிக்கையை யார்மேல் காட்டலாம்? கடை ஊழியர்மேல் காட்ட அவருக்கு எந்த உரிமையும் இல்லை. இதில் தயங்க ஏதுமில்லை.

விதியைப் போட்டது மாநில அரசு. ரைன்லாந்து-பலாட்டினேட் மாநிலத்தில் 2020 ஏப்ரல் 27 முதலே கடைகளில் முகத்தை மூட வேண்டும் என்பது சட்டம். அந்த மாணவர் அதை எழுதவில்லை, அதற்கு வாக்களிக்கவில்லை, மாற்றவும் அவரால் முடியாது. சொல்லாமல் விட்டால் முதலாளியிடம் பதில் சொல்ல வேண்டும். சொன்னால் எதிரே நிற்பவரின் வாயில் விழ வேண்டும். வாடிக்கையாளர் கடைக்குள் இருப்பது பத்து நிமிடம். ஊழியரோ நாள் முழுக்க, ஒரு கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால், வருவோர் போவோர் எல்லாருடைய மூச்சுக்காற்றுக்கும் நடுவே இருக்கிறார். அமைச்சரிடம் போய்க் கத்த முடியாதவர், பதில் பேச முடியாதவரைத் தேடிப் பிடித்துக் கத்துகிறார். இதற்குத் துணிச்சல் என்று பெயர் வைக்க முடியாது.

வள்ளுவர் இந்த மனத்தை நன்றாக அறிந்திருந்தார். தன்னிலும் எளியவர்மேல் பாயப் போகும்போது, தன்னிலும் வலியவர் முன்னால் தான் நின்ற நிலையை எண்ணிப் பார்க்கச் சொல்கிறது அருளுடைமை அதிகாரம். வெகுளாமை அதிகாரம் இன்னும் கூர்மையாக, சினம் எங்கே பலிக்குமோ அங்கே அதை அடக்குவதுதான் அடக்கம் என்கிறது. பலிக்காத இடத்தில் அடக்கினால் என்ன, அடக்காவிட்டால் என்ன? கல்லாவில் இருப்பவர் முன்னால் வாடிக்கையாளரின் கோபம் எப்போதும் பலிக்கும். எதிர்த்துப் பேசினால் அவருக்கு வேலை போகும். அந்த இடத்தில்தான் நாவை அடக்கத் தெரிய வேண்டும்.

தனிமனித சுதந்திரத்தின் பெயரால் வாதாடுகிறவர்கள் வழக்கமாகத் துணைக்கு அழைப்பது ஜான் ஸ்டூவர்ட் மில்லை. அவர் 1859இல் வெளியிட்ட 'சுதந்திரம் பற்றி' என்ற நூலை அவர்கள் முழுதாகப் படிப்பது நல்லது. பிறருக்குத் தீங்கு நேராத வரைதான் ஒருவரின் சுதந்திரத்தில் கைவைக்கக் கூடாது என்றவர் மில். அதே நூலில் தானிய வியாபாரி பற்றிய ஓர் எடுத்துக்காட்டு வருகிறது. தானிய வியாபாரிகள் ஏழைகளைப் பட்டினி போடுகிறார்கள் என்று பத்திரிகையில் எழுத யாருக்கும் உரிமை உண்டு. ஆனால் ஒரு வியாபாரியின் வீட்டு வாசலில், கொதித்துப்போய்த் திரண்டிருக்கும் கும்பலிடம் அதையே சொன்னால் தண்டிக்கலாம் என்கிறார். முகக்கவச விதியை எதிர்த்துக் கட்டுரை எழுதலாம், வழக்குப் போடலாம், ஊர்வலம் போகலாம். பில் போடும் இடம் அதற்கான மேடை ஆகாது.

உண்மையான மறுப்பாளர்கள் எப்படி நடந்துகொண்டார்கள் என்பதற்கும் சரித்திரம் உண்டு. மாசசூசெட்ஸின் கேம்பிரிட்ஜ் நகரில் பாதிரியார் ஹென்னிங் ஜேக்கப்சன் அம்மைத் தடுப்பூசியை மறுத்தார். 5 டாலர் அபராதம் விதித்தார்கள். வழக்காடினார், உச்ச நீதிமன்றம் வரை போனார், 1905இல் தோற்றார். ஊசி போட வந்தவரை அவர் அடிக்கவில்லை. மெக்சிகோ போருக்கும் அடிமைமுறைக்கும் துணைபோகும் அரசுக்கு வரி கட்ட மறுத்த அமெரிக்க எழுத்தாளர் தோரோ, 1846இல் ஓர் இரவைச் சிறையில் கழித்தார். காந்தியடிகள் சத்தியாக்கிரகத்துக்கு வகுத்த இலக்கணமே, மறுப்பவன் துன்பத்தைத் தன்மேல் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பது. மறுப்பின் விலையை மறுப்பவர் கொடுத்தால் அதற்கு மதிப்பு உண்டு. அந்த விலையை இருபது வயதுப் பையனிடம் வசூலித்தால் அது மனச்சாட்சி ஆகாது.

முகக்கவசத்தின் பயனில் பெரும்பங்கு, அணிந்தவரின் வாயிலிருந்தும் மூக்கிலிருந்தும் தெறிக்கும் துளிகளை அதுவே தடுத்து நிறுத்துவதில் இருந்தது. அணிய மறுத்தவர் தன் உடலை மட்டும் பணயம் வைக்கவில்லை. வரிசையில் பின்னால் நின்ற முதியவரையும் சேர்த்தே வைத்தார். சிலப்பதிகாரத்தின் நாடுகாண் காதையில், மதுரைக்குப் புறப்படும் சமணத் துறவி கவுந்தியடிகள் கையில் மயிற்பீலி எடுத்துக்கொள்கிறார். வழியில் ஊர்ந்து போகும் சிற்றுயிர்களுக்குக்கூடத் தீங்கு நேரக் கூடாதே என்ற கவலை அது. கண்ணுக்குத் தெரியாமல் நேரக்கூடிய தீங்குக்கும் பொறுப்பேற்கிற மனம். பிறருக்காக வாழ்கிறவர்கள் இருப்பதால்தான் உலகம் நிலைத்திருக்கிறது என்று புறநானூற்றில் பாடிய கடலுள் மாய்ந்த இளம்பெருவழுதி முன்னால் நிறுத்தியதும் அதே மனத்தைத்தான். அந்த மனத்தின் முன், காதில் மாட்டும் ஒரு துணி எவ்வளவு சிறிய விஷயம்!

மறுதரப்புக்கும் ஒரு நியாயம் உண்டு. ஆஸ்துமா உள்ளவர்கள், முகத்தில் துணி பட்டாலே பதறுகிற ஆட்டிசக் குழந்தைகள், உதட்டசைவைப் பார்த்துப் பேச்சைப் புரிந்துகொள்ளும் செவித்திறன் குறைந்தவர்களோடு பேசுகிறவர்கள், இவர்களுக்கெல்லாம் விதிவிலக்கு வேண்டும்; இங்கிலாந்தில் அது இருந்தது. வெளியே தெரியாத உடல்குறையைக் காட்டச் சூரியகாந்திப் பூப்போட்ட கழுத்துப்பட்டையை அங்கே பலர் அணிந்தார்கள். ஆனால் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மனித உரிமைத் தீர்ப்பாயம் 2021இல் முடிவு சொன்ன ஒரு முறையீட்டைப் பார்க்க வேண்டும். முகக்கவசம் இல்லாமல் மளிகைக் கடைக்குள் விட மறுத்தார்கள் என்று ஒரு வாடிக்கையாளர் புகார் கொடுத்தார். மூச்சுவிடச் சிரமம் என்றார். என்ன குறைபாடு என்று மட்டும் கடைசிவரை சொல்லவில்லை. தீர்ப்பாயம் புகாரை ஏற்கவில்லை. உடல்குறை உள்ளவருக்குச் சட்டம் அரண். பிடிக்கவில்லை, பயனில்லை என்பதற்காக மறுப்பவருக்கு அல்ல என்று தெளிவாக எழுதியது. சரியான தீர்ப்பு.

பழியில் ஒரு பங்கு கடை நிர்வாகங்களுக்கும் போக வேண்டும். 2020 ஜூலை 24 அன்று இங்கிலாந்தில் கடைகளில் முகக்கவசம் கட்டாயமானபோது, தங்கள் ஊழியர்கள் யாரையும் தட்டிக்கேட்க மாட்டார்கள் என்று சில பெரிய நிறுவனங்கள் சொல்லிவிட்டன. 2021 ஜனவரியில், தொற்று உச்சத்துக்குப் போன பிறகு, அவற்றில் சில நிலையை மாற்றிக்கொண்டன. மிரட்டுகிற வாடிக்கையாளரோடு வாக்குவாதம் வேண்டாம் என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் ஊழியர்களுக்கு அறிவுரை சொன்னது. உயிர் காக்கும் அறிவுரைதான். ஆனால் வாசலில் யார் நிற்பது? அறிவிப்புப் பலகையை ஒட்டிவிட்டு மாடி அறைக்குள் போய்விடுகிற மேலாளர், தன் ஊழியரைக் கேடயமாக்கிக்கொள்கிறார்.

ஸ்காட்லாந்து இதில் ஓரடி முன்னே போனது. கடை ஊழியரைத் தாக்குவதையும் மிரட்டுவதையும் வசைபாடுவதையும் தனிக் குற்றமாக்கும் சட்டத்தை அந்நாட்டு நாடாளுமன்றம் 2021 ஜனவரியில் ஒருமனதாக நிறைவேற்றியது. அதே ஆண்டு ஆகஸ்ட் 24 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. தொற்றுக்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே கடை ஊழியர் சங்கத்தினர் இதைக் கேட்டுவந்தார்கள். முகக்கவச விதி போய்விட்ட இந்நாளிலும், மது வாங்க வருகிறவரிடம் வயதுச் சான்று கேட்க வேண்டியவர் அதே கல்லாவில் இருப்பவர்தான். ஸ்காட்லாந்தில் அவர் அப்படிச் சட்டத்தை நிறைவேற்றும்போது தாக்கப்பட்டால், குற்றம் இன்னும் கடுமையானதாகக் கொள்ளப்படும்.