யாரும் தெரியாத ஊரில் நாம் யார்?

செமஸ்டர் விடுமுறை வந்தாலே நம் வயதுக்காரர்கள் மலிவு டிக்கெட் தேட ஆரம்பித்துவிடுகிறோம். பேங்காக், பாலி, சென்னை, சியோல் என்று பட்டியல் நீளும். பங்சாரில் ரயில் ஏறி கேஎல் சென்ட்ரலில் இறங்கினால், அங்கிருந்து விமான நிலையத்துக்கு நேராக ரயில். கிளம்புவது அவ்வளவு சுலபம்.

ஆனால் ஒரு கேள்வி. அங்கே அம்மா அப்பா இல்லை, பக்கத்து வீட்டு ஆன்ட்டி இல்லை, கோவில் கமிட்டியும் இல்லை. நம் நல்ல பழக்கங்கள் உண்மையிலேயே நம்முடையவையா, இல்லை பார்ப்பவர்களுக்குப் பயந்து வைத்திருந்தவையா? யாரும் தெரியாத ஊரில்தான் அது தெரியவரும்.

"காசு கொடுத்துத்தானே வந்திருக்கேன், என் இஷ்டம்" என்று சிலர் சொல்லலாம். பத்துமலையை நினைத்துப் பாருங்கள். குட்டைக் கால்சட்டையோடு வரும் சுற்றுப்பயணிகளிடம், 272 படி ஏறும் முன் ஒரு துணியைச் சுற்றிக்கொள்ளச் சொல்கிறார்கள். அது நமக்கு நியாயமாகத்தான் படுகிறது. 2015-இல் கினபாலு மலையில் ஆடை களைந்து படம் எடுத்த வெளிநாட்டுப் பயணிகள் நான்கு பேருக்கு, நீதிமன்றம் 3 நாள் சிறையும் தலா 5,000 வெள்ளி அபராதமும் விதித்தது. கடசான் டூசுன் மக்களுக்கு அது புனித மலை. அப்போது நமக்கு வந்த கோபம் நியாயம் என்றால், நாம் விருந்தாளியாகப் போகும் ஊருக்கும் அதே அளவுகோல்தான். புத்தர் சிலைக்கு நேராகக் காலை நீட்டி உட்கார்ந்து செல்ஃபி எடுக்கும் முன் இதை யோசியுங்கள்.

மரியாதை மட்டும் போதாது, முன்னேற்பாடும் வேண்டும். 1893-இல் சுவாமி விவேகானந்தர் சிகாகோ போய்ச் சேர்ந்தபோது, மாநாடு தொடங்க இன்னும் பல வாரம் இருந்தது. பேராளராகச் சேர அறிமுகக் கடிதம் வேண்டுமாம். அது அவர் கையில் இல்லை. காசும் கரைந்துகொண்டிருந்தது. செலவு குறைவு என்று பாஸ்டன் போனார். அங்கே ஹார்வர்ட் பேராசிரியர் ரைட் கடிதம் கொடுத்து உதவினார். செப்டம்பர் 11 அன்று அவர் பேசியது உலகத்துக்கே தெரியும். மெட்ராஸ் இளைஞர்கள் வீடு வீடாகப் போய்ப் பணம் திரட்டி அவரை அனுப்பினார்கள். அன்பு நிறைய இருந்தது, விவரம்தான் போதவில்லை. நமக்கு விவரம் கைப்பேசியிலேயே இருக்கிறது. பார்க்காமல் போனால் யாரைக் குறை சொல்வது?

ஆகவே, கிளம்பும் முன்:

• பாஸ்போர்ட் இன்னும் 6 மாதம் செல்லுமா என்று பாருங்கள். பல நாடுகள் இதைக் கேட்கின்றன.

• பயணக் காப்புறுதி எடுங்கள். தங்குமிட விவரத்தை வீட்டில் கொடுத்துவிட்டுப் போங்கள்.

• சைவம் சாப்பிடுபவர்கள் அந்த ஊர் மொழியில் அதைச் சொல்லக் கற்றுக்கொள்ளுங்கள். தாய்லாந்தில் "ஜே" என்று கேளுங்கள். வெறும் காய்கறி என்று சொன்னால் மீன் சாஸ் ஊற்றித் தருவார்கள்.

• யார் கெஞ்சினாலும் அடுத்தவர் பையைத் தூக்காதீர்கள். சிங்கப்பூரில் 15 கிராமுக்கு மேல் ஹெராயின் கடத்தினால் மரண தண்டனை. "எனக்குத் தெரியாது" என்று நிரூபிப்பது உங்கள் பாடு.

• "சும்மா கம்ப்யூட்டர் வேலை, பெரிய சம்பளம்" என்று கூப்பிட்டால் நம்பாதீர்கள். அப்படிப் போய் மோசடிக் கும்பலிடம் சிக்கிய பல மலேசியர்கள் 2022-இல் கம்போடியாவிலிருந்து மீட்கப்பட்டார்கள்.

உதவும் மனசு தர்மம்தான். ஆனால் விசாரிக்காமல் பையை வாங்கிக்கொள்வது உதவி ஆகாது. உங்களை நம்பி அனுப்பிய குடும்பத்துக்கும் நீங்கள் கடமைப்பட்டவர்.

நாம் யார் என்பதை வெளியூரில் மறைக்க வேண்டாம், அதை மற்றவர் மேல் திணிக்கவும் வேண்டாம். திருநீறு பூசிக்கொண்டே அடுத்தவர் கோவிலில் செருப்பைக் கழற்றலாம். போய் வாருங்கள். நீங்கள் தங்கிய வீட்டுக்காரர், அடுத்து ஒரு மலேசியத் தமிழர் வந்தால் சந்தோஷமாகக் கதவைத் திறக்க வேண்டும்.